மண்ணிற் புதையும் பாஸ்பரஸ்

உழவர் நிலத்துக்கிடும் உரங்களுள் பாஸ்பரஸின் இயல்பு பெரிதும் வியக்கத்தக்கது. இட்டபின் அது பயிருக்கும் எளிதிற் கிட்டாது, நீரோடும் எளிதிற் போகாது, மண்ணிலேயே தங்கும். இலக்கணம் பயில்வார்க்கு எருவின் ஆராய்ச்சி எற்றுக்கு என நண்பர் சிலர் வினவக்கூடும். எனினும், ஒரு வயலின் நெடுங்கால வரலாறு எவர்க்கும் சுவை தருவதே எனக் கருதி ஈண்டு எழுதப் புகுந்தாம்.

இங்கிலாந்தில் ஹார்ப்பென்டன் என்னும் ஊரிலுள்ள ராதம்ஸ்டெட் பண்ணைக்குரியவரான ஜான் பென்னட் லாஸ் என்பார், பாஸ்பேட்டைக் கந்தகத் திராவகத்தாற் பக்குவஞ்செய்து சூப்பர்பாஸ்பேட் என்னும் உரமாக்கும் முறைக்கு 1842-இல் உரிமைச்சாசனம் பெற்றார். அடுத்த ஆண்டே, கில்பர்ட் என்னும் இரசாயன அறிஞரோடு பிராட்பாக் வயலிற் கோதுமைச் சோதனையைத் தொடங்கினார். அஃது இன்றளவும் நடைபெறுகின்றது.

சூப்பர்பாஸ்பேட் நீரிற் கரைவது. ஆயின் மண்ணை அடைந்ததும், புளிப்பு நிலத்தில் இரும்போடும் அலுமினியத்தோடும், சுண்ண நிலத்தில் சுண்ணத்தோடும் பிணிப்புண்கின்றது. வேர் உறிஞ்சத்தக்கவாறு மண்ணீரிற் கரைந்து நிற்பது எக்காலத்தும் மிகச் சிறு பகுதியே. அதனை வேர் கொள்ளக்கொள்ள, பிணிப்புண்டதிற் சிறிது அவிழ்ந்து அவ்விடத்தை நிரப்பும். ஆதலின், இட்ட ஆண்டிற் பயிர் கொள்ளாத பங்கு பாழாயிற்று எனல் பொருந்தாது. அப்பண்ணையின் மற்றொரு வயலில் ஒரு பகுதிக்கு 1901-க்குப் பின் பாஸ்பரஸ் உரம் இடப்படவேயில்லை. முன் இட்டதன் எச்சமே பல பதிற்றாண்டு கடந்தும் வாற்கோதுமை விளைவைப் பெருக்கிற்று. வட்டிகொண்டு வாழ்வாரை இது நினைவூட்டும். ஆயின் ஈண்டு முதலே சிறிது சிறிதாகக் கரைகின்றது.

இனி இழப்பைக் கூறுவாம். மழைவெள்ளம் மண்ணை அரித்தாலன்றிப் பாஸ்பரஸ் நிலத்தைவிட்டு நீங்காது என நெடுங்காலம் நம்பினர். 1995-இல் வெளிவந்த பிராட்பாக் ஆராய்ச்சி இக்கொள்கையைத் தளர்த்தியது. வயலின்கீழ்ப் புதைத்த வடிகுழாய் நீரைச் சோதித்தபோது, ஒரு கிலோகிராம் மேல்மண்ணில் பயிர்க்குக் கிட்டத்தக்க பாஸ்பரஸ் ஏறக்குறைய 60 மில்லிகிராம் ஆகும்வரை ஒழுக்குச் சிறிதாகவும், அதனைக் கடந்தபின் விரைந்து மிகுவதாகவும் காணப்பட்டது. பற்றும் இடங்கள் நிறைந்தபின் மண்ணும் கைநெகிழ்கின்றது போலும். இவ்வெல்லை எல்லா மண்ணுக்கும் ஒன்றன்று. கோதுமைக்கு வேண்டுவதோ இதனினும் குறைவே. எனவே, எல்லை கடந்து இடுபவர்க்கு விளைவும் மிகுவதில்லை.

ஒழுகியது எங்குச் சேரும்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாமீ ஆறு பரந்த விளைநிலங்களின் வடிநீரை ஈரி என்னும் பேரேரியிற் கொண்டு சேர்க்கின்றது. 2014 ஆகஸ்டு 2-ஆம் நாள், அவ்வேரியிற் செறிந்த நீலப்பசும்பாசியின் நஞ்சு குடிநீரிற் காணப்பட்டமையால், டொலீடோ நகர நீரை நம்பிய ஏறக்குறைய 4 இலட்சம் மக்கள் குழாய்நீரைப் பருகலாகாது எனக் கட்டளை பிறந்தது. காய்ச்சினாலும் அந்நஞ்சு நீங்குவதன்று. ஏரிக்கரையில் வாழ்ந்தும் அன்னார் குப்பிநீருக்குக் காத்துநின்றனர்.

2016-இல் அந்நாடும் கனடாவும், ஏரியிற் சேரும் பாஸ்பரஸை 2008-ஆம் ஆண்டின் அளவினின்று 40 விழுக்காடு குறைப்பதென இசைந்தன. ஆயின் உரத்தைக் குறைத்த அன்றே நீர் தெளிந்துவிடாது. முன்னையோர் இட்டது மண்ணில் இன்னும் உளது. ஆதலின் மண்ணைச் சோதித்து, நிறைந்த வயலில் உரத்தை நிறுத்தி, பயிரே அதனை உண்டு குறைக்கவிடுமாறு அறிஞர் கூறுவர். ராதம்ஸ்டெட் வயல் காட்டியவாறு, அதற்குப் பல்லாண்டுகள் செல்லும்.