புதிய கம்பெனிக்குப் பெயர்: தேர்வும் பதிவும்

குழந்தை பிறந்த பின் பெயர் சூட்டுவது உலக வழக்கம். கம்பெனியைப் பொறுத்தவரை முறை தலைகீழானது. பெயர் கிடைத்த பின்னரே அது பிறக்க முடியும். சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஒரு தனி நபர். அது தன் பெயரில் சொத்து வாங்குகிறது, கடன் பெறுகிறது, வழக்குத் தொடுக்கிறது. உறுப்பினர்கள் மாறினாலும் இயக்குநர்கள் விலகினாலும் அந்த அமைப்பை மக்கள் இனங்காண்பது பெயரைக் கொண்டே. எனவே, ஒருவர் விரும்பும் பெயர் மற்றவரை ஏமாற்றாத பெயராகவும் இருத்தல் வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. பெயர் குறித்த விதிகள் அனைத்தும் இந்த ஒரே நோக்கிலிருந்து கிளைத்தவை எனலாம்.

நம் நாட்டில் கம்பெனிகளைப் பதிவு செய்யும் சட்டம் 1850இல் வந்தது. 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, விரும்பத்தகாத பெயர்களைப் பதிவு செய்வதற்குத் தடை விதித்தது. இன்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவும், அதன் கீழ் 2014இல் வகுக்கப்பட்டு 2019இல் விரிவாகத் திருத்தப்பட்ட விதிகளும் இப்பணியைச் செய்கின்றன.

பெயரின் ஈற்றுச் சொல்

பொதுக் கம்பெனியின் பெயர் 'லிமிடெட்' என்றும், தனியார் கம்பெனியின் பெயர் 'பிரைவேட் லிமிடெட்' என்றும் முடிய வேண்டும். இது வெறும் அலங்காரமன்று, எச்சரிக்கையாகும். இக்கம்பெனியின் உறுப்பினரது பொறுப்பு ஒரு வரம்புக்கு உட்பட்டது, கடனுக்காக அவரது சொந்த வீட்டையும் நிலத்தையும் நாட முடியாது என்பதைக் கடன் கொடுப்பவருக்கு அச்சொல் அறிவிக்கிறது. ஆகவேதான் பதிவு பெறாத ஒருவர் இச்சொற்களைத் தம் தொழிலின் பெயரோடு சேர்த்துக்கொண்டால், நாள் ஒன்றுக்கு ரூ. 500க்குக் குறையாமலும் ரூ. 2,000 வரையிலும் அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட உற்பத்தியாளர்கள் சேர்ந்து அமைக்கும் உழவர் கம்பெனியின் பெயர் 'புரொட்யூசர் கம்பெனி லிமிடெட்' என்று முடியும்.

ஒத்த பெயர் எது?

சாங்லி மாவட்டத்தில் மஞ்சள் பயிரிடும் விவசாயிகள் சிலர் சேர்ந்து ஓர் உற்பத்தியாளர் கம்பெனி தொடங்க முற்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் விரும்பும் பெயரில் ஏற்கெனவே ஒரு கம்பெனி இருக்கிறது. 'ஒரு சொல்லை மாற்றிக்கொள்ளலாம்' என்பதே பெரும்பாலோர்க்கு உடனே தோன்றும் வழி. ஆனால் விதிகள் இவ்வழியை ஏறக்குறைய முற்றிலும் அடைத்துள்ளன. ஒருமையைப் பன்மையாக்குதல், சொற்களை இடம் மாற்றுதல், இடைவெளி விடுதல், நிறுத்தக்குறி சேர்த்தல், ஒலி மாறாமல் எழுத்தை மட்டும் மாற்றுதல், ஊரின் பெயரைச் சேர்த்தல், எண்ணைச் சேர்த்தல் ஆகியவற்றால் மட்டும் இரு பெயர்கள் வேறுபட்டனவாகக் கருதப்பட மாட்டா. 'சாங்லி' என்ற சொல்லை முன்னால் சேர்த்தாலும் பயனில்லை.

மொழிபெயர்ப்பும் தப்புவதற்கு வழியன்று. 'நேஷனல் எலெக்ட்ரிசிட்டி கார்ப்பொரேஷன்' என்பதும் 'ராஷ்ட்ரீய வித்யுத் நிகம்' என்பதும் ஒரே பெயரே என்று விதியே எடுத்துக்காட்டுடன் கூறுகிறது. பல மொழிகள் வழங்கும் நாட்டில் இவ்விதியின் பொருத்தம் தெளிவு. ஒரு மொழியில் ஒருவர் ஈட்டிய நற்பெயரை வேறொரு மொழியில் மற்றொருவர் அறுவடை செய்வது முறையாகாது அல்லவா?

மறைந்த கம்பெனிகளின் பெயர்களையும் உடனே எடுத்துக்கொள்ள இயலாது. கலைப்பு நடவடிக்கையால் முடிவுற்ற கம்பெனியின் பெயருக்கு இரண்டு ஆண்டுகளும், பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட கம்பெனியின் பெயருக்கு அரசிதழில் அறிவிப்பு வெளியான நாள் முதல் இருபது ஆண்டுகளும் காத்திருக்க வேண்டும்.

அனுமதி வேண்டும் சொற்கள்

சில சொற்கள் அரசின் ஆதரவு இருப்பது போன்ற தோற்றத்தைத் தரும். 'நேஷனல்', 'சென்ட்ரல்', 'கமிஷன்', 'அத்தாரிட்டி', 'பஞ்சாயத்து' போன்றவற்றை மத்திய அரசின் முன் அனுமதியின்றிப் பெயரில் சேர்க்க இயலாது. 'பேங்க்', 'இன்ஷூரன்ஸ்', 'மியூச்சுவல் ஃபண்ட்' போன்ற சொற்களைப் பயன்படுத்த ரிசர்வ் வங்கி, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், செபி ஆகியவற்றுள் உரிய அமைப்பின் ஒப்புதல் தேவை. சின்னங்கள், பெயர்கள் பற்றிய 1950ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ள பெயர்களுக்கும் இடமில்லை. ஒரு நாட்டின் அல்லது நகரத்தின் பெயர் மட்டுமே தனித்து நிற்கும் பெயரும் ஏற்கப்படாது. சேமிப்பை ஒப்படைக்க வரும் எளிய மனிதர் பெயர்ப் பலகையைக் கண்டு ஏமாறக் கூடாது என்பதே இக்கட்டுப்பாடுகளின் பொருள்.

பெயரை ஒதுக்கிப் பெறும் முறை

முன்னர் அந்தந்த மாநிலத்துக் கம்பெனிப் பதிவாளர் அலுவலகமே பெயர் விண்ணப்பங்களை ஆராய்ந்தது. 2016 முதல் இப்பணி ஹரியானாவில் மானேசரில் உள்ள மத்தியப் பதிவு மையத்திடம் உள்ளது. 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 'ஸ்பைஸ் பிளஸ்' என்னும் மின்னணுப் படிவத்தின் முதற்பகுதியில், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் ரூ. 1,000. இரண்டு பெயர்கள் வரை விருப்ப வரிசையில் குறிப்பிடலாம்.

ஒப்புதல் கிடைத்த நாள் முதல் 20 நாட்களுக்குப் பெயர் ஒதுக்கி வைக்கப்படும். அதற்குள் படிவத்தின் இரண்டாம் பகுதியைப் பூர்த்தி செய்து பதிவை நாட வேண்டும். கால அவகாசம் போதாதெனில், கூடுதல் கட்டணம் செலுத்தி ஒப்புதல் நாளிலிருந்து 60 நாட்கள் வரை நீட்டிப்புப் பெறலாம். பொய்யான தகவல் தந்து பெயர் பெற்றது தெரியவந்தால் ஒதுக்கீடு ரத்தாவதோடு, ரூ. 1 லட்சம் வரை தண்டத்தொகையும் விதிக்கப்படலாம்.

ஒதுக்கீடு உரிமையன்று

இவ்விடத்தில்தான் பலர் தவறிழைக்கின்றனர். பதிவுச் சான்றிதழ் கையில் வந்துவிட்டால் பெயர் தமக்கே சொந்தம் என்று எண்ணிவிடுகின்றனர். கம்பெனிப் பதிவேடு வேறு. வணிகச் சின்னப் பதிவேடு வேறு. ஒரு சொல் கம்பெனியின் பெயராக எங்கும் இல்லாதிருக்கலாம். ஆனால் மசாலாப் பொடிக்கோ எண்ணெய்க்கோ உரிய சின்னமாக 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கலாம். பதிவு பெற்ற சின்னத்தைத் தம் தொழிலின் பெயராக வைத்து அதே பொருளை விற்பது அச்சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி உரிமை மீறலாகும்.

சின்னத்தின் உரிமையாளர், கம்பெனி பதிவான மூன்று ஆண்டுகளுக்குள் மத்திய அரசிடம் முறையிடலாம். முறையீடு ஏற்கப்பட்டால், மூன்று மாதங்களுக்குள் பெயரை மாற்றுமாறு மண்டல இயக்குநர் ஆணையிடுவார். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இதற்கு ஆறு மாத அவகாசம் இருந்தது. ஆணைக்குக் கீழ்ப்படியாத கம்பெனியின் நிலை மேலும் இரங்கத்தக்கது. 2021 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள விதியின்படி, ஆணை நிறைவேற்றப்படவில்லை என்பதைச் சுட்டும் 'ஓ.ஆர்.டி.என்.சி.' என்ற எழுத்துகள், ஆணை பிறந்த ஆண்டு, வரிசை எண், கம்பெனியின் அடையாள எண் ஆகியவை சேர்ந்த ஒரு தொடரே அதன் புதிய பெயராகிவிடும்.

நீதிமன்றத்தின் வாயிலும் திறந்தே உள்ளது. 'மகேந்திரா அண்டு மகேந்திரா பேப்பர் மில்ஸ்' என்ற பெயரை எதிர்த்து 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' தொடுத்த வழக்கில், அப்பெயருக்கு விதிக்கப்பட்ட இடைக்காலத் தடையை 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வழங்கி வந்த பெயர் மக்கள் மனத்தில் தனி அடையாளம் பெற்றுவிட்டது என்பதே அதற்கு அடிப்படை. காகிதம் வேறு, வாகனம் வேறு என்ற வாதம் அங்கு எடுபடவில்லை.

சாங்லி விவசாயிகளிடம் மீண்டும் வருவோம். பதிவுக்குப் பின் இரண்டாம் ஆண்டில் அவர்களுக்கு இத்தகைய ஆணை வந்தால் நேர்வது என்ன? அச்சடித்த சாக்குகளும் பைகளும் வீணாகும். வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. பதிவு, உரிமங்கள், ஒப்பந்தங்கள் யாவற்றிலும் பெயரைத் திருத்த வேண்டும். பெயர் மாற்றத்தால் கம்பெனியின் உரிமைகளும் கடமைகளும் மாறுவதில்லை என்பது உண்மையே. எனினும் இரண்டு பருவங்களாகச் சந்தையில் ஈட்டிய நம்பிக்கையைப் புதிய பெயருக்கு மாற்றித்தரும் படிவம் எதுவும் இல்லை. இச்செலவு, உறுப்பினர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குத் தொகையிலிருந்தே போகிறது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, மூன்று நான்கு பெயர்களை எழுதிக்கொண்டு, கம்பெனிப் பதிவேட்டிலும் வணிகச் சின்னப் பதிவேட்டிலும் தேட வேண்டும். எழுத்தை மட்டுமன்றி ஒலியையும் பொருளையும் ஒப்பிட வேண்டும். இரண்டாவதாக, தொழிலைக் குறிக்கும் பொதுச் சொல்லோடு தனித்தன்மையுள்ள ஒரு சொல் பெயரில் இடம்பெறச் செய்ய வேண்டும். மூன்றாவதாக, அச்சொல்லை வணிகச் சின்னமாகவும் பதிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டும். மின்னணு வழியில் இதற்கான கட்டணம், தனிநபர்க்கும் சிறு தொழில் நிறுவனங்களுக்கும் ஒரு வகைப் பொருளுக்கு ரூ. 4,500, பிறர்க்கு ரூ. 9,000. நான்காவதாக, பதிவுச் சான்றிதழ் வரும் வரை பலகை எழுதவோ பை அச்சிடவோ கூடாது. பலகையை எழுதும்போது, அவ்வட்டாரத்தில் வழங்கும் மொழியின் எழுத்திலும் பெயர் இடம்பெற வேண்டும் என்பதை மறத்தலாகாது.

உழவர் கம்பெனிகளையும் சிறு தொழில்களையும் ஊக்குவிக்கும் அலுவலர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. உறுப்பினர் சேர்க்கை, பங்கு மூலதனம், வங்கிக் கடன் ஆகியவற்றைப் பற்றி முதற் கூட்டத்திலேயே பேசுகிறோம். பெயரைப் பற்றிய ஆய்வைக் கடைசி நேரத்தில் முகவரிடம் விட்டுவிடுகிறோம். அரை நாள் தேடலால் தவிர்க்கக்கூடிய இழப்பை எளிய மக்கள் சுமக்க நேரிடுவது நியாயமன்று. முதற் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே பெயர் ஆய்வுக்கும் இடமளிப்பது நலம்.