நோயாளியை அறிந்து மருந்தளித்தல்

ஒரே நோய்க்கு ஒரே மருந்தை இருவர் உட்கொள்கின்றனர். ஒருவர் விரைவில் குணமடைகிறார். மற்றவருக்கோ உடலெங்கும் தடிப்பு தோன்றுகிறது. நோயாளி, நோய், காலம் ஆகிய மூன்றையும் கருதியே மருத்துவன் செயலாற்ற வேண்டும் என்று திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வலியுறுத்துகிறது. இக்கருத்தைப் பல்வேறு மருத்துவ முறைகள் கையாளும் விதத்தை ஒப்பிட்டுக் காண்பதற்குப் பெங்களூரு நகரம் ஏற்ற இடமாகும். ஆயுர்வேதம், யுனானி, ஓமியோபதி ஆகியவற்றிற்கான அரசுக் கல்வி நிறுவனங்களும், நிம்ஹான்ஸ், கித்வாய் புற்றுநோய் நிலையம் போன்ற நவீன மருத்துவ நிலையங்களும் இந்நகரில் அமைந்துள்ளன.

உடலியல்பே அடிப்படை

மத்திய அரசும் கர்நாடக அரசும் இணைந்து 1984-ஆம் ஆண்டில் பெங்களூரில் தேசிய யுனானி மருத்துவ நிலையத்தை நிறுவின. இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்மங்களின் விகிதத்தால் ஒவ்வொருவருக்கும் தனி ‘மிஜாஜ்’, அதாவது உடலியல்பு, அமைகிறது என்பது யுனானிக் கொள்கை. ஆயுர்வேதம் வாத, பித்த, கபங்களைக் கொண்டு ‘பிரகிருதி’யை வகுக்கிறது. சித்த மருத்துவர் நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என எண்வகைத் தேர்வு செய்கிறார். மருந்தோடு உணவும் பழக்கமும் ஆளுக்கேற்ப மாற்றப்படுவது இம்முறைகளின் சிறப்பாகும்.

ஓமியோபதியின் வழி

ஜெர்மானிய மருத்துவர் ஹானிமன் 1810-இல் வெளியிட்ட ‘ஆர்கனான்’ என்னும் நூல் ஓமியோபதிக்கு அடிப்படையாகும். இம்முறையில் நோயின் பெயரைவிட நோயாளியின் குறிகளே முதன்மை பெறுகின்றன. சான்றாக, சளித்தொல்லையில் மூக்கு நீர் எரிந்து, கண்ணீர் எரியாதிருப்பின், வெங்காயத்திலிருந்து தயாரிக்கப்படும் ‘அல்லியம் சீபா’ தரப்படும். கண்ணீர் எரிந்து, மூக்கு நீர் எரியாதிருப்பின் ‘யூப்ரேசியா’ தரப்படும். பசி, உறக்கம், அச்சம், விருப்பு வெறுப்பு அனைத்தும் விசாரிக்கப்படுகின்றன.

நவீன மருத்துவத்தில்

1901-இல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைக் கண்டறிந்த பின்னரே, பெறுபவருக்குப் பொருந்தும் இரத்தத்தைத் தேர்ந்து செலுத்துவது இயன்றது. இன்று மார்பகப் புற்றுநோய்க் கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் உள்ளனவா என்று சோதித்த பிறகே ‘டமாக்சிபென்’ தரப்படுகிறது. வலிப்பு நோய்க்கான ‘கார்பமசெபைன்’, குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உடைய சிலருக்கு உயிருக்கு ஆபத்தான தோல் நோயை உண்டாக்கக்கூடும். எனவே ஆசிய மரபினருக்கு முன்கூட்டியே மரபணுச் சோதனை செய்யுமாறு 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியது.

எது அளவுகோல்?

ஆளுக்கேற்ற சிகிச்சை என்பதாலேயே அது பயனுள்ளது என்று முடிவு செய்தல் இயலாது. ‘ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு மருந்து தரப்படுவதால் எங்கள் முறையைச் சோதிக்க இயலாது’ என்ற வாதமும் பொருந்தாது. மருத்துவர் ஒவ்வொருவருக்கும் தாமே மருந்தைத் தேர்ந்தெடுக்கட்டும்; ஆனால் அம்மருந்தோ, அதைப் போலவே தோன்றும் வெறும் உருண்டையோ, குலுக்கல் முறையில் வழங்கப்படட்டும். யார் எதைப் பெற்றனர் என்பது இரு தரப்பாருக்கும் தெரியாதிருந்தால் விளைவை நேர்மையாக ஒப்பிடலாம். ஓமியோபதி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த ஆஸ்திரேலிய தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம், எந்நோய்க்கும் அது பயனளிப்பதாக நம்பத்தகுந்த சான்று இல்லை என்று 2015-இல் முடிவு கூறியது. ‘30சி’ வீரியம் என்பது நூற்றில் ஒரு பங்காக முப்பது முறை நீர்க்கப்பட்டதாகும். அதில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சுவது அரிது.

எனினும் நோயாளியை அமர வைத்துப் பொறுமையுடன் கேட்கும் பண்பு எம்முறையினரும் போற்ற வேண்டியது. நெரிசல் மிக்க அரசு மருத்துவமனைகளில் குறைவாகக் கிட்டுவது இதுவேயாகும். அதே வேளையில், காசநோய் மருந்தையோ இன்சுலினையோ மருத்துவரின் ஆலோசனையின்றி நிறுத்திவிட்டு வேறு முறையை நாடுவது உயிருக்கே ஊறு விளைவிக்கும். எம்முறை மருந்தை உட்கொள்பவராயினும் அதனைத் தம் மருத்துவரிடம் மறைக்கலாகாது. இதனை மக்களுக்கு எடுத்துரைப்பது சுகாதாரப் பணியாளர்களின் கடமையாகும்.