மார்கழிக்கு ஒரு பாட்டுக்குழு

எங்கள் சுரக்குடி மாதிரி ஊரில் சங்கீதம் படித்தவர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும், மார்கழி விடியலில் தெருச் சுற்றிப் பாட ஒரு குழு சேர்த்துவிடலாம். பத்துப் பேர் போதும். குரலைச் சோதித்துப் பார்க்காதீர்கள். விடிகாலை நாலரைக்கு வாசலில் வந்து நிற்பாரா என்று மட்டும் கேளுங்கள்.

ஐப்பசியிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் சாயங்காலம் எல்லாரும் வீட்டில்தான் இருப்பார்கள். கோயில் மண்டபத்தில் வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

முதல் பாடமாகத் திருவெம்பாவையை எடுங்கள். மொத்தம் 20 பாட்டு. முதல் வருஷம் ஐந்தாறு பாட்டு கச்சிதமாகப் பிடிபட்டாலே நிறைவு. எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி முடிவதால், நேற்று வந்தவரும் கடைசி வரியில் சேர்ந்துகொள்ளலாம். தோழிகள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பும் பாட்டு அல்லவா, அதனால் குழுவை இரண்டாகப் பிரிப்பதற்கும் தோது. நாலாம் பாட்டைப் பாருங்கள்: படுத்திருப்பவள் எல்லாரும் வந்தாயிற்றா என்று கேட்கிறாள், வெளியே நிற்பவர்கள், நீயே எழுந்து வந்து எண்ணிக்கொள் என்கிறார்கள். கேள்வியை ஒரு பக்கமும் பதிலை மறுபக்கமும் பாடட்டும். அர்த்தம் புரிந்த அன்றைக்கே பிள்ளைகளுக்கு வரி மனப்பாடமாகிவிடும்.

இனிமேல்தான் கஷ்டமான இடம், சுருதி. ஆண்களுக்கு வாகான ஒரு கட்டையில் பெண்கள் மேல்வரியில் திணறுவார்கள். பெண்களுக்கான ஐந்து கட்டையில் ஆண்களின் குரல் அடித்தொண்டையில் அமுங்கிவிடும். சேர்ந்து பாடும்போது ஐந்தரை, ஆறு கட்டை பெரும்பாலும் ஒத்துவரும். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே நிற்கட்டும். பாட்டின் முதல் வரியை வைத்துச் சுருதியை முடிவு செய்யாதீர்கள். மிக உயரமாகப் போகும் வரியை முதலில் பாடிப் பார்த்து, அதில் யாருக்கும் கழுத்து நரம்பு புடைக்கவில்லை என்றால் அதுவே உங்கள் சுருதி. செல்போனில் தம்பூரா செயலி இருந்தாலே போதும். அதை ஓடவிட்டு, இரண்டு நிமிஷம் யாரும் பாடாமல் கேளுங்கள். பிறகு வாய் மூடியபடி அந்த ஸ்வரத்தில் முனகுங்கள். ஒரு கையைக் காதின் பின்னால் குவித்து வைத்தால் தன் குரல் தனக்கே கேட்கும்.

ஒரு வருஷம், சுருதி சேராத பெரியவர் ஒருவரை ஜால்ரா மட்டும் தட்டச் சொல்லிவிட்டோம். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. அந்தத் தப்பு எங்களுடையது. அப்படிப்பட்டவரை நிதானமாகப் பாடுகிறவருக்குப் பக்கத்தில் நிறுத்தி, பக்கத்துக் குரல் காதில் விழும் அளவுக்கு மெதுவாகப் பாடச் சொல்லுங்கள். சில வாரங்களில் பெரும்பாலோர் சுருதிக்கு வந்துவிடுவார்கள்.

ஆர்மோனியம் கிடைத்தால் சந்தோஷம். ஆனால் பாட்டு அதன் பின்னால் ஓடக் கூடாது. இங்கிருந்து காரைக்கால் போகும் வழியில் இருக்கும் தருமபுரத்தில்தான் சம்பந்தர் யாழ்மூரிப் பதிகம் பாடினார் என்பார்கள். பதிகத்தின் பெருமைக்கெல்லாம் யாழே காரணம் என்று தன் உறவினர் சொன்னதைப் பொறுக்காமல், சம்பந்தருக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், யாழுக்கு அடங்காத ஒன்றைப் பாடும்படி கேட்டுக்கொண்டாராம். பாடியதும் நரம்பில் அது அடங்கவில்லை. யாழையே உடைக்கப் போனவரைச் சம்பந்தர் தடுத்தார். குரலின் குழைவு கட்டைக்குள் அடங்காது என்பது நம் மண்ணிலேயே இருக்கும் கதை. வரியை முதலில் வாயால் பழகுங்கள், பெட்டியை அப்புறம் திறங்கள். ஜால்ரா ஒரு ஜோடிக்கு மேல் வேண்டாம்.

கார்த்திகைக் கடைசியில் நடந்துகொண்டே பாடிப் பழகுங்கள். உட்கார்ந்து பாடியபோது போதுமானதாக இருந்த மூச்சு தெருவில் பாதி வரியில் நின்றுவிடும். எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துபோகும். பக்கத்தில் இருப்பவர் பாடும்போது நீங்கள் வாங்குங்கள். ஒலிபெருக்கி வேண்டாம். பனியில் தூங்கும் குழந்தையும் நோயாளியும் இருக்கும் தெரு அது. சேர்ந்த குரலே வீடுவரை போகும்.

பாட்டைப் பெரிய எழுத்தில் நோட்டில் எழுதி, மேலே பிளாஸ்டிக் உறை போடுங்கள், பனி ஈரத்தில் மை கலைந்துவிடும். செல்போனைப் பார்த்துப் பாடினால் தலை குனிந்து தொண்டை அடைத்துக்கொள்ளும். திருவாதிரையன்று களி சாப்பிட்டுவிட்டுக் கலைவதற்கு முன் நோட்டுகளை எல்லாம் வாங்கி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, அடுத்த ஐப்பசிக்குப் பெட்டியில் அடுக்கிவிடுங்கள்.