வகுப்பறைக்கு வெளியே ஓர் உயிரியல்

ஆசிரியப் பணியை நாடும் நம் கல்லூரி மாணவர்கள் பலர். அவர்களுக்குப் பயன்படும் என்னும் எண்ணத்தால், நான் செய்த ஒரு பிழையையே இங்கு பாடமாக எழுதுகிறேன்.

இக்கல்லூரியில் விலங்கியல் பயின்று, பி.எட். வகுப்பில் சேர்ந்த எனக்குச் செங்கற்பட்டுப் பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பில் பாம்புகளைப் பற்றிய பாடம். "முக்கோணத் தலையுள்ள பாம்பு நஞ்சுள்ளது, மற்றவை நஞ்சற்றவை" என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து இருளர் மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், கட்டுவிரியனுக்குத் தலை அப்படி இருக்காதே, நல்ல பாம்புக்கும் இருக்காதே" என்றான். வகுப்பு சிரித்தது. "நீ பாம்பு பிடிக்கப் போ; இப்போது உட்கார்" என்று நானும் சொல்லிவிட்டேன். அதன்பின் அவன் வாய் திறக்கவில்லை.

அன்று மாலை நூலகத்தில் பார்த்தேன். அவன் சொன்னதே சரி. நம் நாட்டில் மிகுதியாக உயிர் பறிக்கும் நான்கு பாம்புகளில் நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் முக்கோணத் தலை கிடையாது. என் பாடத்தை நம்பிய மாணவன் கட்டுவிரியனைக் கையால் எடுத்திருந்தால் என்னவாகும்?

ஒரு மக்கட் கூட்டம் தன்னைச் சூழ்ந்த செடிகளையும் உயிரினங்களையும் எவ்வாறு அறிந்து, பெயரிட்டு, பயன்படுத்துகிறது என ஆராயும் துறையே இன உயிரியல். அதன் கிளையான இனத் தாவரவியலுக்கு 1895-இல் பெயர் சூட்டியவர் ஹார்ஷ்பெர்கர் என்னும் அமெரிக்கத் தாவரவியலார். அத்துறை எனக்குத் தேர்வு வினாவாக மட்டுமே தெரிந்திருந்தது. "அந்தப் பையன் வீட்டுக்குப் போய்வா" என்றார் எங்கள் மேற்பார்வை விரிவுரையாளர்.

இருளர் முன்பு தோல் வாணிகத்துக்காகப் பாம்பு பிடித்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அவ்வாணிகம் ஒடுங்கியது. 1978-இல் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பிடித்த பாம்புகளை மண்பானையில் வைத்து, நஞ்செடுத்து, சில வாரங்களில் மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் குருதியிலிருந்து நச்சு முறி மருந்து செய்யப்படுகிறது. இருளர் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் ஃபுளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துப் பிடித்தனர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மாணவனின் பாட்டி என்னைத் திண்ணையில் உட்கார வைத்தார். கட்டுவிரியன் இரவில் கடிக்கும், வலி தெரியாது, விடியும்போது வயிறு வலிக்கும் என்றார். மருத்துவ நூலும் இதையே சொல்கிறது. கடித்தால் முதலில் வேர் கொடுப்போம் என்றும் சொன்னார். "வேர் போதாது பாட்டி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்" என்றேன். அவர் சிரித்தார். "எங்க ஆளுங்க எடுக்கிற விஷத்துலதானே தம்பி அந்த ஊசி மருந்து ஆகுது, எனக்குத் தெரியாதா? ராத்திரியிலே பஸ்ஸு ஏது?"

நான் அறியாமை என்று எண்ணியது அறியாமையன்று. வண்டி இல்லாத குறை. கேட்காமல் இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்திராது. ஆயினும் கேட்பது என்பது எல்லாவற்றையும் ஏற்பது அன்று. வேர் நஞ்சை முறிக்காது என்பதை நானும் மறைக்கவில்லை. இரு பக்கமும் பேசுவதே உரையாடல்.

அடுத்த வகுப்பில் முதலில் அம்மாணவனிடம் எல்லார் முன்னும் மன்னிப்புக் கேட்டேன். பின், அவன் இசைந்த பிறகே, அவனைப் பேச அழைத்தேன். நான்கு பாம்புகளின் நிறம், வரி, இருப்பிடம், நடமாடும் நேரம் ஆகியவற்றை அவன் சொல்ல, நான் நூலோடு ஒப்பிட்டேன். இரவில் உடனே ஏற்பாடு செய்யக்கூடிய வண்டி யாரிடம் உள்ளது என்ற பட்டியலையும் மாணவர்களே எழுதினர். அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஆசிரியராகப் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடக்குறிப்பில் நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு என்று எழுதுகிறோம். அவற்றோடு, "இதைப் பற்றி மாணவர் வீட்டில் அறிந்திருப்பது என்ன?" என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீனவர், உழவர், ஆடு மேய்ப்போர் பிள்ளைகள் அவ்வரியை நிரப்புவார்கள். அவர்கள் சொல்வதை நூலோடும், நூலை அவர்கள் சொல்வதோடும் சோதித்துப் பாருங்கள். எது பிழையானாலும் திருத்திக்கொள்ளத் தயங்க வேண்டாம். அன்று பிழைபட்டது என் கரும்பலகை. திருத்தியது கடைசி வரிசை.