மூடியை முகர்ந்து கொள்முதல் செய்யலாமா?

ஃபேன்சி ஸ்டோர், பூஜைப் பொருள் கடை, ஜவுளிக் கடை எதுவானாலும் வாசனைத் திரவியத்துக்கென்று ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. கன்னோஜ் அத்தர், அரபு நாட்டு ஊத், சிறு தயாரிப்பாளர்கள் குறைந்த அளவில் செய்யும் விலை உயர்ந்த சென்ட் என்று வகைகளும் பெருகிவிட்டன. பருப்பையும் மிளகாயையும் கையில் அள்ளித் தரம் சொல்லும் நாம், இந்தச் சரக்கில் மட்டும் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு ஆர்டர் எழுதிவிடுகிறோம்.

நாமும் அப்படிச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள்தாம். ஒருமுறை சாம்பிள் பெட்டியில் இருந்த ஆறு வகைகளை வரிசையாக முகர்ந்து, எலுமிச்சை மணம் பளிச்சென்று வந்த ஒன்றை இரண்டு டஜன் எடுத்தோம். வாங்கிப் போனவர்கள், "காலையில் போட்டது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விட்டது" என்று திரும்பி வந்தார்கள். ஏஜென்ட் ஏமாற்றவில்லை, சரக்கும் போலி அல்ல. நாம் சோதித்த முறைதான் தவறு.

மணத்தின் மூன்று கட்டங்கள்

சென்டில் பல பொருள்கள் கலந்திருக்கின்றன. அவை ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு வகை எண்ணெய்கள் முதல் 15 முதல் 30 நிமிடங்களுக்குள் பெரும்பாலும் பறந்துவிடும். அடுத்து ரோஜா, மல்லிகை போன்ற பூ மணங்கள் சில மணி நேரம் நிற்கும். சந்தனம், அகில், கஸ்தூரி வகை மணங்கள் கடைசி வரை உடம்போடு இருக்கும். மூடியில் முகரும்போது நமக்குத் தெரிவது முதல் கட்டம் மட்டுமே. வாடிக்கையாளர் நாள் முழுவதும் அணிந்திருப்பதோ மற்ற இரண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் ஊத். அகில் மரத்தில் நோய் தாக்கிய இடத்தில் ஊறும் பிசினிலிருந்து வருவது இது. முதல் முகர்வில் மருந்து போலவும் தோல் போலவும் காரமாக இருக்கும். பலர் முகம் சுளிப்பார்கள். அணிந்து ஒரு மணி நேரம் சென்றால் காரம் அடங்கி இனிமை தெரியும்.

கன்னோஜின் மண் அத்தரையும் பாருங்கள். சுட்ட களிமண்ணைச் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி, அதன் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது பழைய முறை. முதலில் புதுமழை பெய்த மண்வாசனை வரும்; நேரம் போகப் போகச் சந்தனம் மேலெழும். கன்னோஜ் வாசனைத் திரவியத்துக்குப் புவிசார் குறியீடு 2014-இல் கிடைத்தது. ஆனால் சந்தன எண்ணெயின் விலை ஏறியதால், மலிவு அத்தர்களில் லிக்விட் பாரஃபின் போன்றவற்றை அடித்தளமாகச் சேர்க்கிறார்கள். அந்த விலைக்கு அப்படிச் சொல்லி விற்பதில் குற்றமில்லை. சந்தன விலை வாங்கிக்கொண்டு அதை விற்றால் கடையின் பெயர் கெடும்.

சோதிக்கும் முறை

1. ஊதுவத்தி எரியாத இடத்தில், பவுடர் பூசாத கையில் சோதிக்க வேண்டும்.

2. முதலில் காகிதத் துண்டுகளில் தொட்டு முகர்ந்து இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மணிக்கட்டுக்கு ஒன்று. அதற்கு மேல் போனால் மூக்கு மந்தமாகிவிடும்.

3. பூசிய இடத்தைத் தேய்க்க வேண்டாம். ஸ்பிரே என்றால் ஸ்பிரிட் நெடி அடங்க ஒரு நிமிடம் பொறுங்கள்.

4. உடனே, அரை மணி, இரண்டு மணி, ஆறு மணி என்று நான்கு முறை முகர்ந்து கொள்முதல் நோட்டில் எழுதுங்கள். "முதலில் நார்த்தங்காய்த் தோல், பிறகு குண்டுமல்லி, கடைசியில் சந்தனக் கட்டை" என்று தெரிந்த மணங்களால் எழுதினால் போதும். விற்பனைப் பையன்களுக்கும் அதுவே பாடம்.

5. உலர்ந்த சருமத்தில் மணம் சீக்கிரம் போகும்; எண்ணெய்ப் பசை உள்ள சருமத்தில் நிற்கும். ஆகவே குறைந்தது மூன்று பேர் கையில் பார்க்க வேண்டும்.

6. நம் மூக்கு பழகிவிடுவதால் மணம் இருந்தும் நமக்குத் தெரியாமல் போகலாம். "போய்விட்டது" என்ற தீர்ப்பை வெளியிலிருந்து வருபவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

வாடிக்கையாளரிடம்

ஸ்பிரிட் கலந்ததா, கலக்காததா என்று கேட்பவர்கள் பலர். சிலருக்கு அது மார்க்க விஷயம். லேபிளைப் படித்து உள்ளதைச் சொல்லுங்கள், ஊகித்துச் சொல்லாதீர்கள். பெர்கமாட், எலுமிச்சை எண்ணெய்கள் சேர்ந்ததை வெயில் படும் இடத்தில் பூசினால் சிலருக்குத் தோல் கருக்கலாம். அத்தர் வெள்ளைத் துணியில் கறை விடும். இவற்றையும் சொல்லிக் கொடுங்கள். பாட்டில்களை வெயிலும் விளக்குச் சூடும் படாமல் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. "ஐயா, கையில் ஒரு துளி போட்டுவிடுகிறேன். கடைத்தெரு வேலையை முடித்துவிட்டு வந்து பிடித்திருந்தால் வாங்குங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு ஓரிரு விற்பனை தவறலாம். திரும்பி வந்து வாங்குகிறவர் பாட்டிலை மாற்றித் தரச் சொல்லி நிற்கமாட்டார். அந்த இரண்டு டஜனில் மிஞ்சிய பாட்டில்கள் நமக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்.