பிசிபி லேஅவுட்டுக்குக் கொடுக்கும் முன் சர்க்யூட்டைத் தயார் செய்வது எப்படி?

வீட்டில் எலெக்ட்ரானிக்ஸ் செய்து பார்ப்பவர்களில் பலர் பிரெட்போர்டோடு நின்று விடுகிறோம். சர்க்யூட் நன்றாக வேலை செய்த பிறகு அதற்கென்று ஒரு பிசிபி செய்யலாம் என்ற ஆசை வரும். லேஅவுட் போடத் தெரிந்த ஒருவரிடம் சர்க்யூட்டைக் கொடுத்தால் அவர் டிராக்குகளை வரைந்து தருவார், பிசிபி கம்பெனி அச்சடித்து அனுப்பும். ஆனால் நாம் கொடுக்கும் சர்க்யூட்டில் தவறு இருந்தால் அதே தவறு செம்பில் அச்சாகி நம் கைக்கு வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு லெவல் இண்டிகேட்டர் செய்தேன். 12 வோல்ட் அடாப்டர், ஒரு 7805, ஒரு 74எச்சி14 ஐசி, நான்கு எல்இடி, மோட்டாரின் கான்டாக்டரை இயக்க ஒரு ரிலே. அவ்வளவுதான். ஐந்து போர்டுகள் வந்தன. ஒன்றில் பாகங்களைப் பொருத்தி, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒயர்களை வைத்துப் பார்த்தேன், எல்இடி எரிந்தது. சந்தோஷமாக மாடியில் மாட்டினேன். தொட்டி நிரம்பி நான்கு எல்இடிக்களும் எரிந்தபோது ரிலே படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. கான்டாக்டரும் கூடவே அடித்தது. நான் ஓடிப் போய் மெயினை அணைப்பதற்குள் மோட்டாரின் கெபாசிட்டர் போய் விட்டது.

போர்டை மல்டிமீட்டரில் சோதித்த போதுதான் தெரிந்தது, ஐசியின் 14-ஆம் பின்னுக்கு எந்த டிராக்கும் வரவில்லை. அதாவது ஐசிக்குப் பவரே இல்லை! பின் எப்படி வேலை செய்தது? பயன்படுத்தாத இரண்டு கேட்டுகளின் இன்புட்களை நான் +5 வோல்ட்டில் கட்டியிருந்தேன். இந்த வகை ஐசிக்களில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் உள்ளே ஒரு பாதுகாப்பு டயோட் உண்டு. அந்த டயோட் வழியாக மின்சாரம் பின்வாசல் வழியே நுழைந்து ஐசியை ஒப்புக்கு ஓட்டிக் கொண்டிருந்தது. ஒரு எல்இடிக்கு அது போதும். நான்குக்குப் போதவில்லை.

லேஅவுட் செய்தவர் மீது தவறில்லை. நான் கொடுத்த ஸ்கீமேட்டிக்கிலேயே அந்தப் பின் இணையவில்லை. பழைய லைப்ரரிகளில் லாஜிக் ஐசிக்களின் பவர் பின்கள் திரையில் தெரியாமல் மறைந்திருக்கும். அந்தப் பின்னின் பெயர் ‘விசிசி’ என்றால், அது ‘விசிசி’ என்ற பெயருள்ள நெட்டுடன் தானாகவே சேர்ந்து கொள்ளும். நான் என் சப்ளைக்கு ‘+5வி’ என்று பெயர் வைத்திருந்தேன். பெயர் வேறு, ஆகவே இணைப்பும் இல்லை. ‘ஜிஎன்டி’ மட்டும் பெயர் பொருந்தியதால் சேர்ந்து விட்டது.

கிகேட் சாப்ட்வேரை வைத்தே விளக்குகிறேன். 1992-ல் பிரான்சைச் சேர்ந்த ழான் பியர் ஷராஸ் தொடங்கியது இது. இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். ஈகிள் சாப்ட்வேரை 2026 ஜூனுடன் நிறுத்துவதாக ஆட்டோடெஸ்க் 2023-ல் அறிவித்தது. பழைய ஈகிள் பைல்கள் வைத்திருப்பவர்கள் கிகேட்டின் பைல் மெனுவில் உள்ள இம்போர்ட் வசதி மூலம் அவற்றைத் திறந்து கொள்ளலாம்.

முதலில் டூல்ஸ் மெனுவில் உள்ள அனோடேட் கட்டளையைக் கொடுத்து எல்லாப் பாகங்களுக்கும் ஆர்1, சி1, யூ1 என்று எண் கொடுங்கள். பிறகு இன்ஸ்பெக்ட் மெனுவில் எலெக்ட்ரிக்கல் ரூல்ஸ் செக்கரை இயக்குங்கள். இதைச் சுருக்கமாக இஆர்சி என்பார்கள். பலர் இதை இயக்குவதில்லை. இயக்குபவர்களிலும் பலர் வரும் செய்திகளைப் படிப்பதில்லை. நானும் அப்படித்தான். என் சர்க்யூட்டில் மூன்று பிழைகள் வந்தன. மூன்றும் ஒரே வாசகம்: பவர் இன்புட் பின்னுக்கு மின்சாரம் கொடுக்கும் பின் எதுவும் இல்லை. அடாப்டர் கனெக்டரில் இருந்து பவர் வருகிறது என்பது கிகேட்டுக்குத் தெரியாது, ஆகவே 12 வோல்ட் நெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இப்படிப் புலம்பும். இது வழக்கமான புலம்பல்தானே என்று மூன்றையும் தள்ளி விட்டேன். மூன்றாவதுதான் ‘விசிசி’!

இதற்கு வழி இருக்கிறது. பவர் சிம்பல்களில் ‘பிடபிள்யுஆர்_ஃப்ளாக்’ என்று ஒன்று உண்டு. கனெக்டரில் இருந்து வரும் 12 வோல்ட் நெட்டில் ஒன்று, கிரவுண்டில் ஒன்று வைத்து விடுங்கள். போலிப் பிழைகள் இரண்டும் மறையும். 7805-ன் அவுட்புட்டை கிகேட் பவர் கொடுக்கும் பின்னாகவே எடுத்துக் கொள்வதால் +5 வோல்ட்டுக்கு இது தேவையில்லை. இனி இஆர்சியில் ஒரே ஒரு பிழை வந்தாலும் கண்ணில் படும். பூஜ்ஜியம் பிழை வரும் வரை லேஅவுட்டுக்குக் கொடுப்பதில்லை என்று இப்போது வைத்திருக்கிறேன். ஒரு பின்னை வேண்டுமென்றே விட்டிருந்தால் அதில் நோ கனெக்ட் குறியை, அதாவது அந்தச் சிறிய பெருக்கல் குறியை, வையுங்கள்.

இப்போதைய கிகேட் லைப்ரரிகளில் 74எச்சி14-க்கு ஆறு கேட்டுகளுடன் ஏழாவதாகப் பவர் யூனிட் ஒன்று தனியாக இருக்கிறது. அதை ஸ்கீமேட்டிக்கில் வைக்க மறந்தால் அதே கதைதான். ஐசியைத் தேர்வு செய்தவுடன் முதலில் பவர் யூனிட்டை வைத்து +5 வோல்ட்டிலும் கிரவுண்டிலும் இணைத்து விடுங்கள். லேபிள் பெயர்களிலும் கவனம் தேவை. ஓரிடத்தில் ‘டேங்க்_லோ’, இன்னோரிடத்தில் ‘டேங்க்-லோ’ என்று அடித்தால் உங்களுக்கு அது ஒன்று, கிகேட்டுக்கு இரண்டு.

அடுத்து புட்பிரிண்ட். ஸ்கீமேட்டிக்கில் கெபாசிட்டர் வெறும் இரண்டு கோடுகள்தான். போர்டில் அதற்கு உடம்பு இருக்கிறது. ‘100 மைக்ரோ ஃபேரட்’ என்று மட்டும் எழுதினால் லேஅவுட் செய்பவர் எதையாவது ஊகிக்க வேண்டும். பொதுவாக 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்குக் கால் இடைவெளி 2 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 3.5. 10 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 5. வோல்ட்டேஜ் கூடினால் விட்டமும் கூடும். ஆகவே வேல்யூவுடன் வோல்ட்டேஜையும் எழுதி, டூல்ஸ் மெனுவில் உள்ள அசைன் புட்பிரிண்ட்ஸ் கட்டளை மூலம் சரியான புட்பிரிண்டைக் கொடுங்கள்.

டிரான்சிஸ்டர்கள் இதைவிட மோசம். பிசி547-ன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். அதே உருவத்தில் உள்ள 2என்3904-ல் எமிட்டர், பேஸ், கலெக்டர். பொதுவான என்பிஎன் சிம்பலை எடுத்துப் போட்டால் கால் வரிசை மாறி விடலாம். நல்ல வேளையாக பேஸ் நடுவில் இருப்பதால் டிரான்சிஸ்டரைத் திருப்பிப் பொருத்தித் தப்பிக்கலாம். ரெகுலேட்டரில் அது நடக்காது. 7805-ல் முதல் கால் இன்புட், இரண்டாவது கிரவுண்ட், மூன்றாவது அவுட்புட். 7905-ல் முதல் கால் கிரவுண்ட், இரண்டாவது இன்புட். டேட்டாஷீட்டைத் திறந்து ஒவ்வொரு காலையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

பாகங்களை முதலிலேயே வாங்கி விடுங்கள் என்பது என் யோசனை. லேஅவுட் வந்ததும் அதைக் காகிதத்தில் அசல் அளவில் பிரிண்ட் எடுத்து, பாகங்களை அதன் மேல் வைத்துப் பாருங்கள். கால்கள் புள்ளிகளில் உட்கார வேண்டும். பிரிண்ட் எடுக்கும்போது டயலாக் பெட்டியில் ‘ஃபிட் டு பேஜ்’ தேர்வாகி இருந்தால் படம் சுருங்கியோ பெருத்தோ விடும். 100 சதவீதம் என்று மாற்றுங்கள். 14 பின் ஐசியில் முதல் பின்னுக்கும் ஏழாம் பின்னுக்கும் இடையே 15.24 மில்லிமீட்டர். ஸ்கேல் வைத்து இதை அளந்து விட்டுப் பிறகு மற்றதைப் பாருங்கள். ஒரு தாள் செலவில் எத்தனையோ போர்டுகளைக் காப்பாற்றும் முறை இது.

ஸ்கீமேட்டிக்கில் எழுதாவிட்டால் லேஅவுட் செய்பவருக்குத் தெரியவே வாய்ப்பில்லாத விஷயங்கள் சில உண்டு. ஐசிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய 0.1 மைக்ரோ ஃபேரட் கெபாசிட்டர் அதில் முக்கியமானது. வரைபடத்தில் அது ஒரு மூலையில் +5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இருக்கும். அவர் அதைப் போர்டின் மறுகோடியில் வைத்தாலும் இணைப்பு சரிதான், பயன்தான் இல்லை. ‘சி3, யூ1-ன் 14-ஆம் பின்னை ஒட்டி’ என்று பக்கத்திலேயே குறிப்பு எழுதுங்கள்.

இரண்டாவது 230 வோல்ட். ரிலேயின் கான்டாக்ட் பக்கம் செல்லும் நெட்டுகளுக்கு மெயின்ஸ் என்று தெளிவாகப் பெயர் வையுங்கள். அவற்றுக்கும் மற்ற டிராக்குகளுக்கும் இடையே 8 மில்லிமீட்டர் வேண்டும் என்று நான் எழுதிக் கொடுக்கிறேன். கடைகளில் கிடைக்கும் சிறிய சதுர நீல ரிலேக்களில் காயிலின் இரு கால்களுக்கு நடுவிலேயே காமன் கால் இருக்கிறது, அங்கே இந்த இடைவெளி கிடைக்காது. காயில் கால்கள் ஒரு முனையிலும் கான்டாக்ட் கால்கள் மறுமுனையிலும் உள்ள ரிலேயாகப் பார்த்து வாங்குங்கள். சென்சார் ஒயர் தொட்டித் தண்ணீரில் இருக்கிறது, அந்தத் தண்ணீர்க் குழாயைத்தான் வீட்டில் எல்லோரும் தொடுகிறார்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

டிராக் அகலத்தையும் சொல்லுங்கள். 35 மைக்ரான் செம்பில் 1 ஆம்பியருக்கு சுமார் 0.3 மில்லிமீட்டர் போதும் என்று கணக்கு சொல்லும். இடம் இருந்தால் நான் 1 மில்லிமீட்டர் கேட்பேன். போர்டின் நீள அகலம், திருகுத் துளைகளின் இடம், கனெக்டர்கள் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதை ஒரு தாளில் வரைந்து கொடுத்தால் போதும்.

இனி அனுப்ப வேண்டிய பைல்கள். அவரும் கிகேட் பயன்படுத்தினால், புராஜெக்ட் மேனேஜரின் பைல் மெனுவில் உள்ள ஆர்க்கைவ் புராஜெக்ட் கட்டளை மொத்த போல்டரையும் ஒரே ஜிப் பைலாக்கித் தரும். நீங்களே வரைந்த புட்பிரிண்ட்கள் இருந்தால் அந்த லைப்ரரி போல்டர் புராஜெக்ட் போல்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். வேறு டிரைவில் இருந்தால் ஜிப்பில் சேராது. அவர் வேறு சாப்ட்வேர் பயன்படுத்துபவர் என்றால் நெட்லிஸ்ட் பைலை எக்ஸ்போர்ட் செய்து கொடுங்கள், எந்த வடிவத்தில் வேண்டும் என்று முதலில் கேட்டு விடுங்கள். எப்படியானாலும் ஸ்கீமேட்டிக்கின் பிடிஎஃப், பாகங்களின் பட்டியல் இரண்டும் கூடவே போகட்டும். பைல் பெயரில் தேதியைச் சேருங்கள். ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’ என்று பெயர் வைத்து, எது கடைசி என்று நானே குழம்பியிருக்கிறேன்.

லேஅவுட் முடிந்து ஜெர்பர் பைல்கள் வந்ததும் கிகேட்டிலேயே உள்ள ஜெர்பர் வியூவரில் திறந்து ஒவ்வொரு லேயராகப் பாருங்கள். துளைகளுக்கான டிரில் பைல் தனியாக இருக்கும், அது விட்டுப் போகவில்லையா என்றும் பாருங்கள்.

அந்த ஐந்து போர்டுகளை நான் தூக்கிப் போடவில்லை. ஐசியின் 14-ஆம் பின்னில் இருந்து பக்கத்துக் கெபாசிட்டரின் +5 வோல்ட் காலுக்கு மெல்லிய ஒயர் ஒன்றைச் சால்டர் செய்தேன். அதில் ஒன்று இப்போதும் மாடியில் ஓடிக் கொண்டிருக்கிறது.