மூன்று கிலோமீட்டர் பின்னால்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி 53 கிலோமீட்டர். பழைய சைக்கிளில் நிதானமாக மிதித்தாலும் நாலரை மணி நேரத்தில் போய்விடலாம். இதை எழுதுகிறவருக்கு எட்டரை மணி நேரம் ஆனது. மிச்சம் நான்கு மணி நேரம் எங்கே போனது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சொந்தக் கதையில் 'நான், நான்' என்று வந்துகொண்டே இருந்தால் அவருக்கே கூச்சமாக இருப்பதால், இங்கே அவர் பெயர் கட்டுரைக்காரி.

கட்டுரைக்காரி சின்ன வயதில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர் அல்ல. பத்தொன்பது வயதில், தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே சீட்டில் ஏறியவர். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அதற்குப் பின்னால் நின்றவர் அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பெண்கள் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். பிள்ளையை முன்னால் உட்கார வைக்க பார்தான் வசதி என்று கண்டுபிடித்தவர்களும் அவர்களே. 1992 மார்ச் மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் வந்தார்கள். அந்தச் சைக்கிள் அலையைப் பார்த்து, அறிவொளிப் பெண் தொண்டர்களுக்காக யுனிசெஃப் ஐம்பது மொபெட் ஒதுக்கியது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையெல்லாம் எழுதி, 1996-ல் வந்த தன் புத்தகத்தில் சேர்த்தார்.

அந்த ஊர்வலத்தில் கட்டுரைக்காரியும் இருந்தார். வீடு திரும்பியதும், "அடுத்தது திருச்சிதான்" என்றார். "மொதல்ல வாசலத் தாண்டு பாப்போம்" என்றார் அண்ணன். அந்தப் பேச்சு முப்பது வருஷத்துக்கு மேல் கடனாகவே கிடந்தது. அண்ணன் இப்போது முட்டிவலி என்று மாடிப்படி ஏறுவதில்லை. அதை இங்கே சொல்ல வேண்டிய அவசியமில்லைதான்.

கடனைத் தீர்க்க ஒரு வழி இருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்தது உறையூரில். சைக்கிளும் இருந்தது, அப்பா விட்டுப்போன 28 இஞ்ச் பெரிய சைக்கிள். "பஸ் இருக்குல்லம்மா" என்று ஆரம்பித்த மகன், கடைசியில் "சரி, கியர் சைக்கிளாவது வாங்கித் தரேன்" என்று இறங்கி வந்தான். கட்டுரைக்காரி மறுத்துவிட்டார். பெரிய சைக்கிள் இருபது கிலோவுக்குக் குறையாது, மேட்டில் மூச்சு வாங்கும், எல்லாம் உண்மை. ஆனால் முதுகை வளைக்காமல் நிமிர்ந்து உட்காரலாம், கேரியரில் ஐந்து கிலோ அரிசியை வைத்துக் கட்டலாம். பேரனுக்கு முறுக்கு கொண்டுபோகிற யாரும் கியர் சைக்கிள் வாங்க மாட்டார்கள்.

மற்ற ஏற்பாடுகளைச் சட்டென்று சொல்லிவிடலாம். முதல் நாள் ராத்திரி அரை வயிறு சாப்பாடு. இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு பாட்டிலில் உப்புப் போட்ட நீர்மோர். சேலையானால் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, செயின் பக்கம் ஒரு கிளிப் போட வேண்டும். ஐந்து மணிக்கு மேல் கிளம்பக் கூடாது. ஆடியில் போகவே கூடாது. கட்டுரைக்காரி ஆடியில்தான் போனார், ஏனென்றால் மகள் அழைத்தது ஆடிப்பெருக்குக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று அந்த மாதத்தில் திருச்சிச் சீமையைப் புரட்டி எடுக்கும். நம் சாலை வடக்கே போவதால், காற்று முகத்தில் அடிக்காமல் இடது விலாவில் அறையும். எதிர்காற்றென்றால் குனிந்து மிதித்துவிடலாம். பக்கக்காற்றோ ஆளை லாரிப் பக்கம் தள்ளும். வெயில் ஏற ஏற அது வலுக்கும் என்பதால், ஒன்பது மணிக்குள் ஓட்டிய தூரம்தான் லாபம்.

சைக்கிளைத் தயார் செய்ததில்தான் வினை. இரண்டு டயர், பிரேக் கட்டை, செயின், சீட்டுக்கு ஸ்பிரிங் என்று மாற்ற முடிந்ததையெல்லாம் மாற்றினார். கடைத் தம்பி, "வால் டியூப்பும் மாத்திரவாக்கா?" என்று கேட்டான். "அது நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னவர் கட்டுரைக்காரியேதான்.

வால் டியூப் தெரியாத தலைமுறைக்காக: பழைய சைக்கிளின் காற்று மூக்கில், பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதன்மேல் ஓர் அங்குல ரப்பர் குழாயை உறைபோல மாட்டியிருப்பார்கள். பம்பு அடிக்கும்போது காற்று ரப்பரை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். உள்ளே போன காற்றே ரப்பரை அழுத்தி ஓட்டையை மூடிவிடும். ரப்பர் காய்ந்து வெடித்தால் மூட ஆளில்லை. கையில் பம்பு இருந்தும் பயனில்லை.

ஐந்து மணிக்குக் கிளம்பி, திருக்கோகர்ணம் தாண்டி, இடப்பக்கம் நார்த்தாமலைக் குன்றுகள் வெளுக்கும்வரை எல்லாம் சுகம். ஏழேகாலுக்குக் கீரனூர். பாதி வழி. டீக்கடையில் அவர் சும்மா டீ குடித்துவிட்டு வந்திருக்கலாம். அறிவொளிக் காலத்தைச் சொன்னார். 1992-ஐச் சொன்னார். "பத்து மணிக்கு உறையூர்ல சாம்பாருக்குப் பருப்பு போட்டுருவேன்" என்றும் சொன்னார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் எழுந்து வந்து சைக்கிளைப் பார்த்தார்கள். "காத்து கெடக்கு, பாத்துப் போங்கம்மா" என்றார் டீ மாஸ்டர்.

கீரனூரிலிருந்து மூன்று கிலோமீட்டரில் பின் சக்கரம் தரையோடு படுத்தது. பஞ்சர் இல்லை. வால் டியூப்.

அங்கே நின்று போட்டிருக்க வேண்டிய கணக்கு இது: கீரனூருக்குத் திரும்பித் தள்ளினால் முக்கால் மணி நேரம். அங்கே கடை உண்டு, வரும்போதே கண்ணில் பட்டிருந்தது. வேலை ஐந்து நிமிடம். திரும்ப மிதித்து அதே இடத்துக்கு வரக் கால் மணி நேரம். ஆக ஒரு மணி நேர நஷ்டம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடைக்குப் போக டீக்கடையைத் தாண்ட வேண்டும். பெஞ்சில் அந்த நாலு பேரும் இருப்பார்கள். கட்டுரைக்காரி கைப்பிடியைத் திருச்சிப் பக்கம் திருப்பித் தள்ள ஆரம்பித்தார்.

1992-ல் என்றால் அது தப்பே இல்லை. அப்போது ஊருக்கு ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. எங்கே காற்று இறங்கினாலும் இரண்டு மைலுக்குள் ஒருவர் தண்ணீர்த் தொட்டியும் சொல்யூஷனுமாக உட்கார்ந்திருப்பார். கட்டுரைக்காரியின் மனசில் இருந்தது அந்தச் சாலை. காலடியில் இருந்தது வேறு. முதலில் வந்த பஞ்சர் கடை லாரி டயருக்கு. அடுத்தது டியூப்லெஸ் பைக்குக்கு. கம்ப்ரெசர் குழாயின் வாய் சைக்கிள் மூக்கில் பொருந்தவில்லை. "இன்னும் இதெல்லாம் ஓட்டுறாங்களா?" என்று கடைக்காரர் சிரித்தார். அவருக்கு இங்கே பதில் சொல்ல ஆசைதான். வேண்டாம்.

வழியில் ஒரு குட்டியானைக்காரர் நிறுத்தி, "ஏத்திக்கங்கம்மா, திருச்சியில எறக்கி விடறேன்" என்றார். அதற்கும் மாட்டேன் என்றார். இதை மட்டும் தப்பென்று ஒத்துக்கொள்ள முடியாது. சைக்கிளில் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பியவள், சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால் அண்ணன் அதை எப்படிச் சொல்லித் திரிவார் என்று உங்களுக்குத் தெரியாது.

எட்டு ஒன்பது கிலோமீட்டர் நடை. செருப்பு கடித்தது, நீர்மோர் தீர்ந்தது, முறுக்கில் பாதி உடைந்தது. மாத்தூருக்குக் கொஞ்சம் முன்னால், எதிரே ஒரு சைக்கிள் வந்தது. அன்று அந்தச் சாலையில் அவர் பார்த்த இரண்டாவது சைக்கிள். ஓட்டி வந்தவன் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் வடநாட்டுப் பையன். "தீதி" என்று மட்டும் புரிந்தது. சீட்டுக்கு அடியில் கட்டியிருந்த பையிலிருந்து கறுப்பாக ஒரு துண்டு ரப்பரை எடுத்துப் பல்லால் கடித்து அளவாக்கி, எச்சில் தொட்டு மாட்டி, பம்பு அடித்துக் கொடுத்தான். மூன்று நிமிடம். காசு வாங்கவில்லை. முறுக்கு வாங்கிக்கொண்டான்.

பிறகு நகரம். செம்பட்டு, விமான நிலைய மதில், சுப்பிரமணியபுரம், டிவிஎஸ் டோல்கேட். இதற்குப் பெரிய வித்தை எதுவும் இல்லை. தனியார் பஸ் ஹாரன் அடித்தால் இடப்பக்கம் ஒதுங்கலாம், ஆனால் தார் விளிம்பைத் தாண்டி மண்ணில் இறங்கக் கூடாது. ஏறும்போது சக்கரம் வழுக்கும். பெரிய சந்திப்புகளில் இறங்கி, நடக்கிறவர்களோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு கடப்பது கௌரவக் குறைவு அல்ல. அதுவரை அவ்வளவு நடந்தவருக்கு அது பெரிதாகவும் தெரியவில்லை. புத்தூர் நால்ரோடு தாண்டி உறையூரில் மகள் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்தியபோது மணி ஒன்றரை. சாம்பார் கொதித்து ஆறியிருந்தது.

அன்று ராத்திரி போனில் மகன் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று தொடங்கினான். பிறகு அவனே ஒரு விஷயம் தேடிச் சொன்னான். சாய்நாத்தின் அந்தப் புதுக்கோட்டைக் கட்டுரை, என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் பாடமாக இருந்ததாம். மாத்தூர்ப் பையன் அதைப் படித்தவனா என்று கேட்டிருக்கலாம். கேட்க இவருக்கு இந்தி தெரியாது.

கட்டுரைக்காரி பஸ்ஸில் ஊர் திரும்பினார். சைக்கிள் உறையூரில் மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. தை மாதம் போய் ஓட்டி வர வேண்டும். அப்போது வாடைக்காற்று, இடது தோளுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளிவிடும். பையில் இரண்டு அடி வால் டியூப் வாங்கி வைத்திருக்கிறார். திரும்பி வரும் வழியில் கீரனூர் டீக்கடை வரும். அங்கே நின்று நடந்ததைச் சொல்வதா, மிதித்துக்கொண்டே தாண்டிவிடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை.